கணமும் நிகழ்தகவும் கணினியில் பழகுவோம்



தேவிகாபுரத்துப் பட்டுத் தறிகளைக் கண்டவர்கள், அவற்றின் மேலே அமைந்த ஜக்கார்டு பெட்டியையும் துளையிட்ட அட்டைகளையும் கவனித்திருப்பார்கள். அட்டையில் துளை உள்ள இடத்துக்குரிய பாவு நூல் மேலெழும். துளையில்லாத இடத்து நூல் எழாது. பிரான்ஸ் நாட்டு ஜக்கார்டு 1804ஆம் ஆண்டில் அமைத்த இம்முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் 1830களில் தாம் வகுத்த கணக்கு இயந்திரத்திற்கு எடுத்துக்கொண்டார். ஆகவே, கணினி நெசவாளர் வீட்டிற்கு அந்நியப் பொருளன்று.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் 9ஆம் வகுப்புக் கணித நூல் கண மொழியில் தொடங்கி நிகழ்தகவில் முடிகிறது. இவ்விரண்டையும் பிள்ளைகள் சூத்திரமாக மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த மடிக்கணினி வீட்டில் இருக்குமானால், அதிலேயே இவற்றைப் பழகலாம். லிப்ரே ஆபிஸ் கால்க் என்னும் அட்டவணை மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் கணம்

எட்டுத் துளையிடங்கள் கொண்ட ஓர் அட்டையை எண்ணிக்கொள்ளுங்கள். எந்தெந்த இடங்களில் துளையிடுகிறோமோ அவை ஓர் உட்கணம். ஒவ்வோர் இடத்திற்கும் துளை உண்டு, இல்லை என இரண்டே நிலை. எனவே இரண்டை எட்டு முறை பெருக்க, 256 உட்கணங்கள். ஒரு துளையும் இல்லாத அட்டையே வெற்றுக் கணம்.

அடுத்து ஒரு பயிற்சி. ஒரு தெருவில் 40 வீடுகள். தறி உள்ளவை 28, மாடு உள்ளவை 17, இரண்டும் உள்ளவை 9 எனக் கொள்வோம். 28ஐயும் 17ஐயும் கூட்டினால் 45. வீடுகளோ நாற்பதுதான்! இரண்டும் உள்ள 9 வீடுகளை இருமுறை எண்ணியதே காரணம். அதைக் கழித்தால் 36. இரண்டும் இல்லாதவை 4. முதலில் வட்டங்கள் வரைந்து கையால் செய்யுங்கள். பிறகு அட்டவணையில் வீட்டுக்கொரு வரிசையாக ஒன்று, சுழியம் என இட்டு எண்ணச் செய்து ஒப்பிடுங்கள்.

பின்னர் நிகழ்தகவு

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என எண்ணியே மறைமொழியை உடைக்கும் வழியை எழுதி வைத்தார். எண்ணிப் பார்ப்பதே இங்கும் அடிப்படை.

ஒரு கட்டத்தில் 1 முதல் 6 வரை ஏதேனும் ஓர் எண்ணைத் தரும் 'ராண்ட்பிட்வீன்' சார்பை இடுங்கள். அதைக் கீழே 30 வரிசை வரை இழுங்கள். ஆறு எத்தனை முறை வந்தது என்பதைக் 'கவுன்ட்இஃப்' சார்பு எண்ணித் தரும். ஐந்து வரவேண்டும் என்பது கணக்கு. ஆனால் இரண்டும் வரலாம், ஒன்பதும் வரலாம். இனி 1000 வரிசைக்கு நீட்டுங்கள். அப்போது விடை பெரும்பாலும் 167ஐ ஒட்டியே, 140க்கும் 190க்கும் இடையில் நிற்கும். வீச்சுகள் பெருகப் பெருக, விகிதம் ஆறில் ஒன்றை நெருங்கும்.

"பிள்ளைகளுக்குப் பகடையைக் கற்பிக்கலாமா?" என்று பெற்றோர் கேட்கக்கூடும். பணம் வைத்து ஆடுவதுதான் சூது; எண்ணிப் பார்ப்பது சூதாகாது. சூதின் முகத்திரையைக் கிழிப்பதே இந்தக் கணக்கு. ஆட்டத்திற்கு 10 ரூபாய் கட்டணம், ஆறு விழுந்தால் 50 ரூபாய் பரிசு என ஒருவன் ஆசை காட்டுகிறான் என்று வையுங்கள். 1000 ஆட்டத்திற்குக் கட்டுவது 10,000 ரூபாய். 167 முறை வென்றால் பெறுவது 8,350. நட்டம் 1,650! போட்ட பணமாவது திரும்ப வேண்டுமானால் ஆறு 200 முறை விழவேண்டும். அது மிக அரிது என்பதைப் பிள்ளைகள் திரையிலேயே காண்பார்கள்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ய 2025இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் கடையை மூடலாம். உள்ளத்தின் ஆசையை மூட அறிவு வேண்டும். தறியில் உழைத்துச் சேர்த்த காசு கைபேசி வழியே கரையாமல் காக்கும் கல்வி இது. வருகிற விடுமுறை நாளில் உங்கள் மகனையும் மகளையும் அருகில் அமர்த்தி, முப்பது வரிசையில் தொடங்குங்கள்.