தேயிலையும் தேநீர்க் குவளையும்: சமயநல்லூர்ச் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

தேநீர் உடலுக்கு நன்மை பயக்குமா, தீங்கு விளைக்குமா என்னும் வினாவிற்கு ஒன்றுக்கொன்று முரணான விடைகள் வழங்கிவருகின்றன. அம்முரணுக்குத் தேயிலையைப் பற்றிய முடிவுகளைத் தேநீரின் மேல் ஏற்றிக்கூறுவதே முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மதுரைக்கு வடமேற்கே அமைந்த சமயநல்லூர் போன்ற சமவெளி ஊர்களின் தேநீர் வழக்கம், சொல், வரலாறு, உடல்நலம், சமூகம் என்னும் நான்கு நிலைகளில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தேநீர், தேயிலை, சமயநல்லூர், இரும்புச்சத்து, டீக்கடை, இரட்டைக்குவளை.

முன்னுரை

மதுரை–திண்டுக்கல் நெடுஞ்சாலையில் அமைந்த சமயநல்லூரில் தேயிலை விளைவதில்லை. வைகைப் பாசனத்தால் நெல்லும் வாழையும் விளையும் நிலம் அது. நீராகாரம், மோர், கூழ், பதநீர், பருத்திப்பால், சுக்குமல்லிக் காப்பி ஆகியவை இச்சமவெளியின் பழைய பருகுபொருள்கள். இன்று விடியுமுன் திறக்கும் கடை டீக்கடையே. விளையாத நிலத்தில் ஒரு பருகுபொருள் வேரூன்றிய முறையையும், அது உடலிலும் சமூகத்திலும் நிகழ்த்தும் விளைவுகளையும் சேர்த்தே நோக்கவேண்டியுள்ளது.

சொல்லும் வடிவமும்

தென்சீனத்து மின்னான் கிளைமொழியின் ‘தே’ என்னும் சொல் கடல்வழி வணிகத்தால் பரவியது. தரைவழியே மிகுதியும் பரவியது ‘சா’ என்னும் வடிவம். தமிழில் இரண்டும் உள்ளன. தேயிலை, தேநீர் என்பன முதல்வகை. சாயா என்பது இரண்டாம் வகை. ஏகாரத்தின் முன் யகரமும் வகரமும் உடம்படுமெய்யாக வரலாம் என்னும் நன்னூல் விதிக்கேற்ப, தே+இலை ‘தேயிலை’ ஆயிற்று. தே+நீர் ‘தேநீர்’ ஆகும். ‘தேனீர்’ என எழுதினால் அது தேன்+நீர் எனப் பிரிந்து பொருள் திரியும். கடைப் பலகைகளில் காணப்படும் இவ்வழு, அயற்சொல் ஒன்றைப் பழகிய சொல்லோடு இயைத்துக்கொள்ளும் மக்கள் மனப்போக்கையும் காட்டுகிறது.

மலையிலிருந்து சமவெளிக்கு

நீலகிரியில் 1830களில் தேயிலை சோதனைமுறையில் பயிரிடப்பட்டது. இலங்கையில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்குக் காப்பிப் பயிரை இலைநோய் அழித்தபின் தேயிலை பெருகியது. இம்மலைகளின் உழைப்பாளர் பலர் தமிழகச் சமவெளிகளிலிருந்து கங்காணிகளால் திரட்டப்பட்டவர்கள். ஆனைமலைத் தோட்டத் தொழிலாளரின் துயரைப் பி. எச். டேனியல் எழுதிய ஆங்கில நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழில் வெளிவந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையால் தாயகம் திரும்பியோருக்காக 1968-இல் தமிழ்நாடு அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே சமவெளி முதலில் மலைக்குத் தந்தது ஆட்களை. பின்னரே மலை சமவெளிக்குத் தேயிலையைத் தந்தது.

அவ்வருகையும் தானாக நிகழ்ந்ததன்று. ஏற்றுமதிச் சந்தை தளர்ந்த 1930களில், உள்நாட்டில் தேநீர்ப் பழக்கத்தை உருவாக்க விளம்பரப் படைகள் ஊர்தோறும் சென்று இலவசத் தேநீர் வழங்கின. காப்பி நடுத்தர வகுப்பினரின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் பருகுபொருளாகவும் அமைந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ விளக்குகிறது.

உடல்நல ஆய்வுகள்

தேயிலையில் கேட்டசின் முதலிய பாலிபீனால்கள், காஃபீன், தியானின் ஆகியவை உள்ளன. கருந்தேயிலை தயாரிக்கையில் கேட்டசின்கள் ஆக்சிஜனேற்றத்தால் பெரும்பாலும் தியாஃபிளேவின், தியாரூபிஜின் எனும் சேர்மங்களாக மாறுகின்றன. பச்சைத் தேயிலை குறித்த முடிவை டீத்தூளுக்கு அப்படியே பொருத்தலாகாது என்பதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது, பால். பால் சேர்ப்பதால் இரத்தக்குழாய் விரிவுக்குத் தேநீர் தரும் நன்மை தடைப்படுகிறது என 2007-இல் வெளியான பெர்லின் ஆய்வு கூறியது. அதில் பங்கேற்றவர்கள் 16 பெண்கள் மட்டுமே. பாலால் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத்திறன் குறைவதில்லை என்பது 2005-இல் வெளியான ஐதராபாத்து தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வின் முடிவு. இரு ஆய்வுகளும் அளந்தவை வெவ்வேறு என்பதால் இவை நேர்முரண் அல்ல. ஏறத்தாழ 5 இலட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2022-இல் வெளியான பிரித்தானிய ஆய்வு, நாளொன்றுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குவளை அருந்துவோரிடம் இறப்பு இடர் 9 முதல் 13 விழுக்காடு குறைவு எனக் கண்டது. இஃது உற்றுநோக்கல் ஆய்வு. தேநீரே காரணம் என நிறுவுவதன்று.

மூன்றாவது, சர்க்கரை. குவளைக்கு இரண்டு தேக்கரண்டி எனக் கொண்டால் ஏறக்குறைய 8 முதல் 10 கிராம். மூன்று குவளையில் 24 முதல் 30 கிராம் சேரும். உலகச் சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகக் குறிக்கும் நாளளவான சுமார் 25 கிராமைத் தேநீரே நிரப்பிவிடுகிறது. 2023-இல் வெளியான தேசிய ஆய்வு தமிழ்நாட்டில் நீரிழிவின் அளவை 14.4 விழுக்காடு எனக் கணித்த நிலையில் இது புறக்கணிக்கத்தக்கதன்று.

நான்காவது, அருந்தும் நேரம். தேயிலையின் பாலிபீனால்கள் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தோடு பிணைந்து, அதனைக் குடல் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்திய வம்சாவளிப் பெண்களிடம் நடத்தப்பட்டு 1975-இல் வெளியான ஆய்வு இதனை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களுள் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. எனினும் காலை உணவோடு தேநீர் அருந்திவிட்டு வேலைக்குப் புறப்படும் பெண்ணுக்கு, உண்ட சிறிதளவு இரும்புச்சத்தும் முழுமையாகப் பயன்படாமற் போகிறது. உணவிற்கு ஒரு மணிநேரம் முன்னும் பின்னும் தேநீரைத் தவிர்க்குமாறு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுவது இதனாலேயே.

65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட மிகுசூட்டுப் பானங்களைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என 2016-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. கடைக்காரர் உயரத் தூக்கி ஆற்றித் தருவது நுரைக்காக மட்டுமன்றிச் சூடு தணிக்கும் பயன்பாடும் உடையது.

குவளையும் சமத்துவமும்

1942-இல் மதுரையில் தொடங்கப்பட்ட ‘தினத்தந்தி’ போன்ற எளியநடை நாளிதழ்களை ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் இடமாக டீக்கடை அமைந்தது. படிப்பறிவற்றோரும் அரசியல் பேசிய அரங்கு அது. அதே கடையில்தான் தமிழகத்தின் பல சிற்றூர்களில் இரட்டைக்குவளை முறை நிலவியது. அரசியலமைப்பின் 15, 17-ஆம் பிரிவுகளும் 1955-ஆம் ஆண்டின் சட்டமும் இதனைத் தடைசெய்கின்றன. எறிந்துவிடும் தாள்குவளை பரவிய இக்காலத்தில், குவளை வேறுபாடு மறைந்துள்ளதா அல்லது கண்ணுக்குப் புலப்படாமல் ஆகியுள்ளதா என்பதைக் களஆய்வே கூறமுடியும். யார் இருக்கையில் அமர்கிறார், யார் நின்று அருந்துகிறார், பெண்கள் கடைக்கு வருகிறார்களா என்பனவும் அக்களஆய்வின் வினாக்களாகவேண்டும்.

முடிவுரை

ஆய்வகம் ஆராய்வது இலையை. மக்கள் அருந்துவது குவளையை. குவளையில் இலையோடு பாலும் சர்க்கரையும் சூடும் நேரமும் சாதியும் பாலினமும் கலந்துள்ளன. தேநீரை விலக்கவேண்டுவதில்லை, சர்க்கரையைக் குறைத்தலும் உணவு நேரத்தினின்று பிரித்தலும் போதும். சமயநல்லூர் போன்ற ஊர்களில் உணவியல், நாட்டார் வழக்காற்றியல், சமூகவியல் ஆய்வாளர்கள் இணைந்து மேற்கொள்ளும் களஆய்வே தேநீரின் நன்மை தீமைகளுக்கு இம்மண்ணுக்குரிய விடையைத் தரும்.