நஞ்சுக்கொடி கீழே இருந்தால் பிரசவம் எப்படி?

ஐந்தாம் மாத ஸ்கேனில் 'நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது' என்றதும் பல குடும்பங்கள் கலங்கிவிடுகின்றன. கருப்பை வளர வளர அது பெரும்பாலும் மேலே போய்விடும். 32-ஆம் வாரம் மறுபடி ஸ்கேன் பார்ப்பார்கள். அதில் விளிம்பு கருப்பை வாயிலிருந்து 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம்.

வாயையே மூடியிருந்தால் சிசேரியன்தான். ரத்தப்போக்கு இல்லாவிட்டாலும் பொதுவாக 36, 37 வாரங்களில் செய்துவிடுவார்கள். "வலி வரட்டும், பார்க்கலாம்" என்னும் பெரியவர்களிடம் நாங்கள் சொல்வது: கருப்பை வாய் விரிந்தால் நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டும், தாய் உயிருக்கே ஆபத்து.

முன்பு சிசேரியன் ஆனவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பழைய தழும்பில் நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டியிருக்கலாம். வலியே இல்லாமல் ரத்தம் பட்டாலும் உடனே 108-ஐ அழைத்து, ரத்த வங்கியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் கொடுக்க இரண்டு மூன்று பேரை இப்போதே பேசி வையுங்கள்.