பி.எச்.சி. பவுடர் எங்கே போனது?

நெல் பூத்துப் பால் பிடிக்கும் நேரத்தில் கதிர்நாவாய்ப்பூச்சி இறங்கிவிட்டால், ஒரு காலத்தில் விவசாயி முதலில் தேடியது பி.எச்.சி. பவுடரைத்தான். 10 சதவீதத் தூளை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, பனி ஈரம் காய்வதற்குள் வயலில் உதறிக்கொண்டே போவார்கள். அதன் நெருங்கிய சொந்தம் கமாக்சின் என்ற பெயரில் வீட்டுக்குள்ளும் இருந்தது. எறும்புக்கும் மூட்டைப்பூச்சிக்கும் அதுதான் மருந்து. சீனாவுக்கு அடுத்தபடியாக உலகிலேயே இதை அதிகம் பயன்படுத்திய நாடு இந்தியா. மொத்தக் கணக்கு 10 லட்சம் டன்னைத் தாண்டும். 1997இல்தான் தடை வந்தது.

அத்தனை பொடியும் என்ன ஆனது? பாதி மண்ணில் மக்கியிருக்கும், மீதி மழையில் அடித்துக்கொண்டு ஆற்றோடு கடலுக்குப் போயிருக்கும் என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். 1980களின் கடைசியில் ஒரு ஜப்பானிய வேதியியலாளரின் குழு இதைப் பரங்கிப்பேட்டையில் உட்கார்ந்து அளந்தே பார்த்துவிட்டது. வந்த விடை இரண்டுமே இல்லை.

அந்த வேதியியலாளர் ஷின்சுகே தனாபே. ஷிகோகு தீவின் மட்சுயாமா நகரில் உள்ள எஹிமே பல்கலைக்கழகத்துக்காரர். அவரும் அவருக்கு மூத்தவரான ரியோ தட்சுகாவாவும் துரத்திக்கொண்டிருந்தது அழியாத கரிம மாசுகளை: டி.டி.டி., பி.எச்.சி., பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் இருந்த பி.சி.பி. போன்றவை. கார்பனோடு குளோரினைக் கட்டிப்போட்டுச் செய்த சேர்மங்கள் இவை. அந்தக் கட்டை அவிழ்க்க மண்ணின் நுண்ணுயிர்களும் திணறும், நம் உடம்பின் நொதிகளும் திணறும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாமல் கொழுப்பு எங்கே என்று தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும்.

எவ்வளவு ஒட்டும் என்பதற்கு 1984இல் அவர்கள் வெளியிட்ட பசிபிக் கடல் கணக்கு இன்றும் பாடப்புத்தகங்களுக்குப் போகத் தகுந்தது. கடல் நீரில், ஒரு லிட்டருக்கு 0.28 நானோகிராம் பி.சி.பி. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றுதான் நானோகிராம். இதுவோ அதிலும் கால்பங்குக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த நீரில் மிதக்கும் நுண்ணுயிரை மீன் தின்கிறது, மீனையும் கணவாயையும் டால்பின் தின்கிறது. டால்பினின் உடலில் பார்த்தால், செறிவு நீரில் இருந்ததைப் போல ஒரு கோடி மடங்குக்கும் மேல். தாய் டால்பின் தான் சேர்த்துவைத்த பி.சி.பி.யில் பெரும்பகுதியைப் பால் வழியாகக் குட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. ஆண் டால்பினுக்கு அந்த வழியும் இல்லை. வயது ஏற ஏற நஞ்சும் ஏறும்.

இதற்குள் ஜப்பான் டி.டி.டி.யையும் பி.எச்.சி.யையும் வயல்களிலிருந்து 1971இலேயே விலக்கிவிட்டது. மற்ற பணக்கார நாடுகளும் ஒவ்வொன்றாக விலக்கின. ஆனாலும் வட கடல்களில் பி.எச்.சி. இருந்துகொண்டே இருந்தது. மனிதர் குடியேறாத அன்டார்க்டிகாவின் காற்றிலும் கடலிலும்கூட இந்த ரகச் சேர்மங்கள் இருப்பதைத் தனாபேயின் குழுவே காட்டியிருந்தது. இன்னும் தூவிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்காமல் விடை கிடைக்காது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. அதன் ஏ. ரமேஷ், ஏ. சுப்பிரமணியன் ஆகியோரோடு சேர்ந்து வெள்ளாற்றங்கரையில் வேலை தொடங்கியது.

காற்றில் இருக்கும் நஞ்சை எப்படிப் பிடிப்பது? கருவி எளிமையானது. மெத்தையில் வைக்கும் பாலியூரித்தேன் ஸ்பாஞ்சை ஒரு குழாயில் அடைத்து, பம்பு போட்டு மணிக்கணக்கில் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். காற்று போய்விடும், கொழுப்பு விரும்பிகள் ஸ்பாஞ்சில் தங்கிவிடும். அவற்றைக் கரைப்பானில் இறக்கி, சுத்தம் செய்து, வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்துவார்கள். நீண்ட மெல்லிய குழாயில் ஓடும்போது ஒவ்வொரு சேர்மமும் ஒவ்வொரு வேகத்தில் வந்து சேரும். குழாயின் முனையில் இருப்பதுதான் இந்தத் துறையையே சாத்தியமாக்கிய உறுப்பு: 1957இல் ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கிய எலக்ட்ரான் பிடிப்பு உணரி. அதற்குள் ஒரு கதிரியக்கத் தகடு வாயுவிலிருந்து எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட, சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். குளோரின் ஏந்திய மூலக்கூறு உள்ளே நுழைந்தால் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மின்னோட்டம் தாழும். எவ்வளவு தாழ்ந்தது என்பதுதான் எவ்வளவு நஞ்சு என்பதற்குக் கணக்கு. இது வந்திராவிட்டால் மேலே சொன்ன நானோகிராம்களை யாரும் பார்த்தே இருக்க முடியாது.

பரங்கிப்பேட்டைக் காற்றில் பி.எச்.சி.யின் அளவு நெற்பயிர்க் காலத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. வெள்ளாற்றுப் பாசனப் பகுதியில் போட்ட பி.எச்.சி.யின் வரவு செலவை முழுக்கக் கூட்டிப் பார்த்தபோது, 99.6 சதவீதம் காற்றில் ஏறிப் போயிருந்தது. ஆற்றின் வழியே கழிமுகம்வரை வந்தது எஞ்சிய 0.4 சதவீதம். அதிலும் பெரும்பகுதி கழிமுகத்தின் வெதுவெதுப்பான நீரிலிருந்து மறுபடி மேலே கிளம்பிவிட்டது. பீரோவில் போட்ட அந்துருண்டை ஆறு மாதத்தில் காணாமல் போகிறதே, அதைப் போலத்தான். ஆனால் இங்கே பீரோவுக்குக் கதவு இல்லை.

வெள்ளாற்று வண்டலிலும் மீனிலும் எச்சம் குறைவாகத்தான் இருந்தது. இதைத் தனியாகப் படித்தால் நல்ல சேதி மாதிரி இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்ணைச் சோதித்தவர் மண் சுத்தம் என்பார், மீனைச் சோதித்தவர் மீன் சுத்தம் என்பார். வெயில் வேலையைச் சீக்கிரம் முடித்து, சரக்கை வேறு விலாசத்துக்கு அனுப்பிவிட்டது என்பது காற்றில் பம்பு வைத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளூரும் முழுக்கத் தப்பவில்லை. வைக்கோலில் தங்கியதை மாடு தின்றது. பால், வெண்ணெய் வழியாக அது வீட்டுக்கு வந்தது. இந்திய உணவுப் பொருட்களைச் சோதித்த குருந்தாசலம் கண்ணன் உள்ளிட்டோர், மனிதருக்குள் இந்த எச்சம் போகும் முக்கிய வழிகளில் ஒன்றாகப் பால் பொருட்களைக் காட்டினார்கள். தென்னிந்தியத் தாய்ப்பாலிலும் பி.எச்.சி. இருந்தது. எஹிமேயில் படித்த இதே கண்ணன்தான் பிற்பாடு அமெரிக்காவில், கறை ஒட்டாத பூச்சுகளோடு தொடர்புள்ள ஃபுளூரின் சேர்மம் உலகெங்கும் காட்டு உயிர்களின் உடம்பில் இருப்பதை ஜான் கீஸியோடு சேர்ந்து 2001இல் வெளிப்படுத்தியவர்.

கோபம் வரவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1825இல் மைக்கேல் ஃபாரடே முதலில் உருவாக்கிய இந்தப் பொருள் ஒரே மூலக்கூறு அல்ல. அதே அணுக்கள் வேறு வேறு விதமாக அமைந்த ஆல்பா, பீட்டா, காமா முதலிய வடிவங்களின் கலவை. பூச்சியைக் கொல்வது காமா மட்டும்தான். அது கலவையில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் தேறாது. பாதிக்கு மேல் ஆல்பா, வயலில் அதற்கு வேலையே இல்லை. தூவியதில் பெரும்பகுதியை நாம் சும்மா தூவினோம். மேலைநாடுகள் காமாவை மட்டும் பிரித்து லிண்டேன் என்று விற்றன. அங்கே வேறு சிக்கல். ஒரு டன் லிண்டேனுக்கு எட்டு டன்னுக்குக் குறையாமல் கழிவு மிஞ்சியது, அதை ஆலைகளின் பக்கத்திலேயே குவித்தார்கள்.

1989, 1990 ஆண்டுகளில் தனாபேயின் சகா ஹிசாடோ இவாட்டா உலகக் கடல்களின் காற்றையும் நீரையும் சேகரித்துப் பார்த்தார். வங்காள விரிகுடா, அரபிக்கடல் காற்றில் பி.எச்.சி. அதிகம். ஆனால் கடல் நீரில் அதிகம் இருந்தது வடக்கே, குளிர்ந்த கடல்களில். வெப்ப நாட்டில் ஆவியாகும் மூலக்கூறு குளிர் நாட்டில் நீரில் இறங்கி உட்காருகிறது. ஃபிராங்க் வானியாவும் டொனால்டு மக்காயும் இதைப் பூமி அளவிலான வடித்தெடுத்தல் என்று கோட்பாடாக்கினார்கள்.

அழியாத கரிம மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2001இல் 12 பொருட்களோடு கையெழுத்தானது. ஆல்பாவும் பீட்டாவும் லிண்டேனும் அதில் சேர 2009 ஆயிற்று. அதற்கு வெகு முன்பே, 1983இல் சீனா பி.எச்.சி.யை நிறுத்தியதும் வடதுருவக் காற்றில் ஆல்பா சரசரவென்று குறைந்தது. காற்று இவ்வளவு சீக்கிரம் கேட்டுக்கொள்ளும் என்பது ஆறுதல்தான். ஆனால் காற்று தெளிந்ததும், வாங்கிவைத்திருந்த ஆல்பாவைக் கடல் திரும்ப வெளியே விடத் தொடங்கியது. பெரிங், சுக்சி கடல்களில் 1990களின் தொடக்கத்தில் இதை அளந்தார்கள். பீட்டாவின் பாதையே வேறு. நீரில் தங்கும் நாட்டம் அதற்கு அதிகம். மழை அதைப் பசிபிக்கிலேயே இறக்கிவிட்டது, பிறகு நீரோட்டம்தான் பெரிங் நீரிணை வழியாக மெதுவாக மேலே கொண்டுபோனது. மேற்கு ஆர்க்டிக் நீரில் பீட்டா உச்சத்துக்கு வந்தபோது, சீனா தடை போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தது.