ரூம் போட்டு தூங்குங்க பாஸ்!

சிட்லபாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு டீக்கடை. வெள்ளிக்கிழமை சாயங்காலம். நீங்க நாலு பேர். அப்பாகிட்ட ஒரு வாரம் கெஞ்சி வாங்கின கார் ஓரமா நிக்குது. பிளான் சிம்பிள். கன்னியாகுமரி போறோம், சன்ரைஸ் பாக்குறோம், போட்டோ எடுக்குறோம், திரும்பி வர்றோம்.

பாட்டு லிஸ்ட்? ரெடி. சிப்ஸ், முறுக்கு? ரெடி. டயர்ல காத்து? செக் பண்ணியாச்சு. ஃபாஸ்டேக்ல காசு? போட்டாச்சு. எல்லாம் கேட்டு முடிச்சதும் கூட்டத்துல கொஞ்சம் பொறுப்பான ஒருத்தர் மெதுவா கேப்பார்: "நைட்டு எங்கடா தங்கறோம்?"

உடனே மூணு பேரும் கோரஸா, "போற வழியில பாத்துக்கலாம் மச்சி!"

இந்த நாலு வார்த்தையைப் பத்திதான் இந்தக் கட்டுரை. அட்வைஸ் மழைன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் ஹிஸ்டரி, நிறைய ஐடியா. அவ்ளோதான்!

பதினேழாவது மணி நேரம்

சானடோரியம் பக்கமா ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிக்கிறீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா பெருங்களத்தூர்லயே பாதி உற்சாகம் காலி. வண்டலூர் தாண்டி கிளாம்பாக்கத்துல மறுபடியும் ஊர்வலம். பரனூர் டோல்கேட் தாண்டி, எங்கேயாவது சாப்பிட்டு, திண்டிவனத்தை நெருங்கும்போது மணி 11.

இப்ப கணக்குக்கு வருவோம். அன்னைக்கு காலையில காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க நீங்க எழுந்தது 6 மணிக்கு. ராத்திரி 11 மணிக்கு, நீங்க கண் முழிச்சு 17 மணி நேரம் ஆச்சு.

1997-ல் டாசன், ரீட் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு சோதனை 'நேச்சர்' இதழில் வந்தது. தூங்காமல் இருப்பவர்களையும் குடித்தவர்களையும் ஒரே மாதிரி டெஸ்ட் வைத்து ஒப்பிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவர்களைப் போலத் தடுமாறின. 24 மணி நேரம் ஆனபோது அது 0.10 சதவீதத்துக்குச் சமம்!

நம்ம நாட்டு மோட்டார் வாகனச் சட்டப்படி வண்டி ஓட்டுறவங்களுக்கான வரம்பு, 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். அதாவது 0.03 சதவீதம். புரியுதா? ஒரு சொட்டுகூட குடிக்காத நல்ல பிள்ளை நீங்க. ஆனா திண்டிவனத்துல உங்க மூளை, சட்டம் அனுமதிக்கிற அளவைத் தாண்டின ஒருத்தரோட மூளை மாதிரி வேலை செய்யுது. தூக்கத்தை ஊதிப் பாக்கச் சொல்ற மெஷின் எந்த போலீஸ்காரர்கிட்டயும் இல்ல. அதனால யாரும் உங்களை நிறுத்த மாட்டாங்க. நீங்கதான் நிறுத்தணும்.

இன்னொரு சின்னக் கணக்கு. 80 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடும். மூணே மூணு செகண்ட் கண்ணு சொக்கினா 66 மீட்டர். அவ்வளவு தூரமும் வண்டி போகுது, ஓட்ட ஆள் இல்ல. முன்னாடி லைட் இல்லாம ஒரு லாரி நின்னா? மேல சொல்ல வேண்டாம்.

"பாட்டை சவுண்டா வைப்பேன், ஜன்னலைத் திறந்து வைப்பேன், முகம் கழுவிப்பேன்..." இதெல்லாம் கொஞ்ச நேரத்து ஏமாத்து வேலை. ஒரு ஸ்ட்ராங் காபி உதவும். ஆனா அது வேலை செய்ய இருபது, முப்பது நிமிஷம் ஆகும், அதுவும் தற்காலிகம்தான். தூக்கத்துக்கு ஒரே மருந்து தூக்கம். அதுக்கு வேணும் ஒரு ரூம்.

ஸோ, ரூம்ங்கறது சொகுசு கிடையாது. சீட் பெல்ட் மாதிரி, ஹெல்மெட் மாதிரி ஒரு பாதுகாப்பு சமாச்சாரம். பட்ஜெட் போடும்போது முதல்ல வெட்டுற ஐட்டம் அதுவா இருக்கக் கூடாது.

அந்தக் காலத்து ஹைவே பிளான்

நம்ம தாத்தாவோட தாத்தாவுக்கெல்லாம் இது தெரிஞ்ச விஷயம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளை எல்லாருக்கும் சாலைக்காகவும் சத்திரத்துக்காகவும்தான் தெரியும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்னும் அவங்க பேரைச் சொல்லிக்கிட்டு இருக்கு. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள், ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்காக வழிநெடுக சத்திரம் கட்டினாங்க. ஒரத்தநாட்டுல இரண்டாம் சரபோஜி கட்டின முத்தாம்பாள் சத்திரம் அதுல ரொம்பப் பிரபலம்.

திருச்சியில 'சத்திரம் பஸ் ஸ்டாண்ட்', திண்டுக்கல் பக்கம் 'ஒட்டன்சத்திரம்'. எத்தனை தடவை பஸ் போர்டுல படிச்சிருப்பீங்க! ஊர் பேரிலேயே ரூம் இருக்கு பாருங்க.

அதுல இருக்கிற லாஜிக் இதுதான். பகல் முழுக்க நட, இருட்டுறதுக்குள்ள சத்திரத்துக்குப் போய்ச் சேர். எவ்வளவு தூரம் போகலாம்னு முடிவு பண்ணது ஆசை இல்ல, அடுத்த சத்திரம். நாம கார்ல ஏறினதும் அந்த லாஜிக்கை மட்டும் வழியில இறக்கி விட்டுட்டோம்.

'ஹோட்டல்'னு கேட்டா பரோட்டாதான்!

சரி, ரூம் தேடணும். தெரியாத ஊர்ல ராத்திரி வண்டியை நிறுத்தி, "அண்ணே, இங்க நல்ல ஹோட்டல் எங்க இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. அண்ணன் அக்கறையா ஒரு பரோட்டாக் கடையைக் காட்டுவார். அவர் மேல தப்பே இல்ல. நம்ம ஊர்ல ஹோட்டல்னா சாப்பாடு. தூங்கணும்னா 'லாட்ஜ்'னு கேளுங்க.

லாட்ஜ் எங்க கிடைக்கும்? பைபாஸ்ல தேடாதீங்க. பைபாஸ் என்பதே ஊரைத் தொடாம போறதுக்குத்தான். ஊருக்குள்ள திரும்பி பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம் பக்கம் போங்க. திருச்சின்னா சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டைச் சுத்தி. மதுரைன்னா ரயில்வே ஸ்டேஷன் எதிரே டவுன்ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி. ஒண்ணு ஃபுல்லுன்னா நாலு அடியில இன்னொண்ணு.

எப்ப தேடறது? இதுதான் முக்கியம். கடைசி நிமிஷம்ங்கறது ராத்திரி 12 மணி இல்ல, சாயங்காலம் 6 மணி. ஆறு மணி டீக்கு நிறுத்தறீங்க இல்லையா, அப்பவே 'இன்னைக்கு ராத்திரி எந்த ஊர்'னு முடிவு பண்ணுங்க. வண்டி ஓட்டாத ஒருத்தர் அந்த ஊர்ல மூணு லாட்ஜுக்கு போன் போடட்டும். ஆப்ல 'ரூம் இருக்கு'ன்னு காட்டினாலும், பணம் கட்டறதுக்கு முன்னாடி ரிசப்ஷனுக்கு ஒரு போன் கண்டிப்பா போடுங்க. "நாங்க நாலு பேர், ஸ்டூடண்ட்ஸ், ஒன்பதரைக்கு வருவோம், ரூம் உண்டா?" இந்த ஒரு கேள்வி பாதி டென்ஷனைக் குறைச்சிடும்.

காலண்டரைப் பாத்தீங்களா?

வீட்டுல மாட்டியிருக்கிற தினசரி காலண்டர்ல அம்மா எதையோ பாப்பாங்களே, அது உங்களுக்கும் உதவும். முகூர்த்த நாளா? மண்டபத்துல இடம் பத்தாத சொந்தக்காரங்க எல்லாம் லாட்ஜுலதான் இருப்பாங்க. பௌர்ணமியா? திருவண்ணாமலையில கிரிவலக் கூட்டம், ரூம் கனவுலதான். ஆகஸ்ட் கடைசியில இருந்து செப்டம்பர் 8 வரைக்கும் வேளாங்கண்ணி, சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை, இதுவும் அப்படித்தான். பெரிய போட்டித் தேர்வு நடக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ராத்திரியும் டவுன் லாட்ஜெல்லாம் நிரம்பி வழியும்.

அந்த மாதிரி நாள்ல பெரிய ஊரை விட்டுட்டு, அரை மணி, முக்கால் மணி முன்னாடி இருக்கிற சின்ன டவுன்ல நிறுத்துறவங்கதான் புத்திசாலி.

கவுன்ட்டர்ல கேட்க வேண்டிய ஐந்து

1. "செக்-அவுட் எப்படி?" நிறைய லாட்ஜ்ல 24 மணி நேரக் கணக்கு. ராத்திரி 10-க்கு போனா அடுத்த நாள் ராத்திரி 10 வரைக்கும் உங்க ரூம். சில இடத்துல மதியம் 12-க்கே காலி பண்ணணும். காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க.

2. "ரூமைப் பாக்கலாமா?" வெட்கப்படாம கேளுங்க. தாழ்ப்பாள், தண்ணி, ஃபேன், பாத்ரூம். நாலும் ஓகேன்னா பையை இறக்குங்க.

3. "எத்தனை பேர் தங்கலாம்?" டபுள் ரூம் எடுத்துட்டு நாலு பேர் நைஸா நுழையற டெக்னிக் எல்லாம் பழசு. எக்ஸ்ட்ரா ஆளுக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டா ராத்திரி சண்டை இல்ல.

4. "டேக்ஸ் சேர்த்தா?" ரோட்டுக்கும் ஜி.எஸ்.டி., ரூமுக்கும் ஜி.எஸ்.டி.! 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரைக்குமான ரூமுக்கு வரி 5 சதவீதம். அதுக்கு முன்னாடி 12. பில்லைப் பாருங்க.

5. "வண்டியை எங்க விடறது?" பார்க்கிங் இல்லாத லாட்ஜ்னா ராத்திரி முழுக்க ஜன்னல்லதான் நிப்பீங்க.

ஐ.டி. கார்டு எல்லாரும் எடுத்துட்டுப் போங்க. காலேஜ் ஐ.டி. மட்டும் போதாது, அட்ரஸ் இருக்கிற டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை, ஆதார் ஏதாவது ஒண்ணு வேணும். ஆதார் காப்பி கொடுக்க யோசனையா இருந்தா, முதல் 8 எண்களை மறைச்சு கடைசி 4 மட்டும் தெரியற 'மாஸ்க்டு ஆதார்' டவுன்லோட் பண்ணிக்கலாம். கூட்டத்துல 17 வயசு ஃபர்ஸ்ட் இயர் தம்பி இருந்தா கவனம். பெரியவங்க இல்லாம 18-க்குக் கீழே இருக்கறவங்களுக்கு பல இடத்துல ரூம் தர மாட்டாங்க.

"கூட யாரும் வரலியா?"

பொண்ணுங்க மட்டும் ட்ரிப் போனா இந்தக் கேள்வி நிச்சயம். பசங்களுக்கு "பேச்சிலர்ஸுக்கு ரூம் இல்ல தம்பி." ஆணும் பெண்ணுமா போனா அதைவிடக் கஷ்டம்.

சட்டம் என்ன சொல்லுது? கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கில், 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: திருமணமாகாத ஆணும் பெண்ணும் விருந்தினர்களாக ஒரு ஓட்டல் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சீலை அகற்றவும் உத்தரவிட்டது.

ஆனா தீர்ப்பு வேற, ராத்திரி 11 மணிக்கு கவுன்ட்டர்ல உட்காந்திருக்கிற அண்ணாச்சி வேற. அவர்கிட்ட கோர்ட் ஆர்டரை வாதாடி ஜெயிச்சாலும் தூக்கம் போயிடும். அதனாலதான் அந்த ஆறு மணி போன். யாரெல்லாம் வர்றீங்கன்னு ஒளிக்காம சொல்லுங்க. "இல்ல"ன்னா அப்பவே தெரிஞ்சிடும். அடுத்த நம்பருக்குப் போகலாம். பொண்ணுங்க மட்டும் போறப்போ, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பல ஊர்கள்ல வெச்சிருக்கிற 'ஓட்டல் தமிழ்நாடு'லயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. ரூமுக்குள்ள போனதும் தாழ்ப்பாளை செக் பண்ணிட்டு, வீட்டுக்கு லாட்ஜ் பேரும் ரூம் நம்பரும் அனுப்பிடுங்க.

எங்கேயுமே கிடைக்கலைன்னா?

"ரயில்வே ஸ்டேஷன் ரிட்டயரிங் ரூம் இருக்கே!" இருக்கு. ஆனா அது ரயில் டிக்கெட் வெச்சிருக்கறவங்களுக்கு. அதை நம்பி கார்ல போகாதீங்க.

வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற பெட்ரோல் பங்க்ல கேட்டுட்டு வண்டியை ஓரங்கட்டி, ரெண்டு மணி நேரமாவது தூங்குங்க. ரோட்டோரத்துல நிறுத்தவே வேண்டாம். இன்னொண்ணு ரொம்ப முக்கியம். இன்ஜினை ஓட விட்டு, ஏ.சி. போட்டு, கண்ணாடியை மூடிட்டுத் தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அது உங்களை எழுப்பாது. இன்ஜின் ஆஃப், கண்ணாடி கொஞ்சம் திறந்து.

பைக்ல போறவங்களுக்கு இந்த வசதியும் இல்ல. அதனால அவங்க இருட்டறதுக்கு முன்னாடியே ரூம் எடுத்தாகணும், நோ சாய்ஸ். பின்னாடி உட்காந்து தூங்கி விழற ஃப்ரெண்டையும் நினைச்சுக்கோங்க.

பெஸ்ட் ரூம் எது தெரியுமா?

மறுபடியும் அந்த டீக்கடைக்கே வருவோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம். "நைட்டு எங்கடா தங்கறோம்?"

வாடகை இல்ல. ஐ.டி. வேணாம். செக்-அவுட் டைம் கிடையாது. பார்க்கிங் உண்டு. சூடா தோசை கிடைக்கும். அப்படி ஒரு ரூம் சிட்லபாக்கத்துலயே இருக்கு. உங்க வீடு!

பத்து மணிக்குப் படுங்க. காலையில நாலரைக்கு எழுந்து அஞ்சு மணிக்குக் கிளம்புங்க. பெருங்களத்தூர் காலியா இருக்கும். விடியும்போது மதுராந்தகம் ஏரிப் பக்கம் போயிட்டிருப்பீங்க. மத்தியானம் திருச்சியில சாப்பாடு, சாயங்காலம் மதுரை, ஆறு மணி டீ, மூணு போன், ஒரு ரூம். கன்னியாகுமரி சூரியன் ஒருநாள் லேட்டாப் போனா கோவிச்சுக்காது. அது தினமும் வரும்.

நீங்களும் திரும்பி வரணும். அவ்வளவுதான்.

ஸோ பாஸ், ரூம் போட்டாச்சா?