பரீட்சையே எழுதலை… அதுக்குள்ள ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு சீட்டா? பிரிட்டனின் 'பிரெடிக்டட் கிரேடு' குழப்பம்

இங்கிலாந்தில் ஏ லெவல் ரிசல்ட் வருவது ஆகஸ்ட் மாதத்தில். ஆனால், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கு விண்ணப்பிக்க அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபர் நடுவிலேயே கெடு முடிந்துவிடும். அப்படியென்றால் எதை வைத்து சீட் தருகிறார்கள்? முக்கியமாக, 'இந்த மாணவர் இவ்வளவு வாங்குவார்' என்று ஆசிரியர் போடும் கணிப்பை வைத்து. அதுதான் பிரெடிக்டட் கிரேடு.

9 என்றால் என்ன?

16 வயதில் எழுதுவது ஜிசிஎஸ்இ. இங்கிலாந்தில் 2017 முதல் இதற்கு 9லிருந்து 1 வரை எண் கிரேடு. 9தான் உச்சம். பழைய 'ஏ' கிரேடின் தொடக்கம் இப்போது 7. பழைய 'சி'யின் தொடக்கம் 4.

18 வயதில் ஏ லெவல். பெரும்பாலானோர் எடுப்பது மூன்று பாடங்கள்தான். உச்ச கிரேடு 'ஏ ஸ்டார்'. கேம்பிரிட்ஜ் அறிவியல் படிப்புகளுக்கு வழக்கமாகக் கேட்பது இரண்டு ஏ ஸ்டார், ஒரு ஏ.

கணிப்பு எவ்வளவு சரி?

யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் முடியாது, ஏதாவது ஒன்றுதான். பல்கலைக்கழகம் 'இந்த கிரேடு வந்தால் சீட்' என்று நிபந்தனையோடு ஆஃபர் தரும்.

2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஜில் வைனஸ் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று சிறந்த ஏ லெவல் கிரேடுகளைக் கூட்டிப் பார்த்தால், கணிப்பு சரியாகப் பொருந்தியது 16% பேருக்கு மட்டுமே. 75% பேருக்குக் கணிப்பு அதிகம்.

அதிகமாகப் போட்டால் நல்லதுதானே? சிக்கல் மீதிப் பேருக்கு. நன்றாகப் படிக்கும் மாணவர்களில், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே குறைத்துக் கணிக்கப்படும் வாய்ப்பு கூடுதல் என்றது அதே ஆய்வு. கணிப்பு குறைந்தால் பெரிய இடத்துக்கு விண்ணப்பிக்கவே தயங்குவார்கள். ஆகஸ்டில் உண்மையான கிரேடு வரும்போது, அந்த சீட் வேறொருவர் கையில் இருக்கும்.

ஆசிரியர் வேண்டாம், கணினி போடட்டும் என்றால்? கொரோனாவால் தேர்வுகள் ரத்தான 2020இல் அதுவும் நடந்தது. அல்காரிதம், ஆசிரியர்கள் கொடுத்த ஏ லெவல் கிரேடுகளில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தைக் குறைத்தது. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராட, நான்கே நாளில் அரசு பின்வாங்கியது.

அமெரிக்காவுக்கு என்றால்?

ஹார்வர்டு, யேல் போன்ற இடங்களுக்கு யூகாஸ் கிடையாது. 'காமன் ஆப்'தான் பொதுவான வழி. கெடு, நவம்பர் தொடக்கம் அல்லது ஜனவரி தொடக்கம். முடிவு மார்ச் இறுதிக்குள் வந்துவிடும். ஏ லெவல் பரீட்சையோ மே, ஜூனில்!

அதனால் கையில் இருக்கும் ஒரே பொதுத்தேர்வு மார்க், 16 வயதில் வாங்கிய ஜிசிஎஸ்இ. கூடவே பிரெடிக்டட் கிரேடு, கட்டுரைகள், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். எம்ஐடி 2022இலும், ஹார்வர்டு 2024இலும் எஸ்ஏடி போன்ற நுழைவுத் தேர்வை மீண்டும் கட்டாயமாக்குவதாக அறிவித்தன.

இந்தக் கடிதங்களை எழுதிப் பழகிய தனி ஆலோசகர்கள் பெரிய தனியார் பள்ளிகளில் இருப்பார்கள். அரசுப் பள்ளி மாணவருக்கு அது எளிதில் கிடைக்காது. அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் சட்டன் டிரஸ்ட், ஃபுல்பிரைட் கமிஷனுடன் சேர்ந்து 2012இல் ஒரு வழிகாட்டித் திட்டத்தைத் தொடங்கியது.

மாற்றம் வருமா?

ரிசல்ட் வந்த பிறகே சீட் தரலாமா என்று பிரிட்டன் அரசு 2021இல் கருத்துக் கேட்டது. 2022இல் அந்த யோசனையைக் கைவிட்டது. ஆகவே, கணிப்பை மிஞ்சி மார்க் வாங்கியவருக்கு இப்போதைக்கு இரண்டு வழி. ஒன்று, ரிசல்ட்டுக்குப் பிறகு காலியிடங்களை நிரப்பும் 'கிளியரிங்'; ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு அதில் சேருவதில்லை. மற்றொன்று, ஒரு வருடம் காத்திருந்து, உண்மையான கிரேடோடு மறுபடியும் விண்ணப்பிப்பது. அந்த ஒரு வருடச் செலவைத் தாங்க எல்லா வீட்டுக்கும் முடியாது என்பதுதான் நிஜம்.