கிரீஸ் தள்ளும் சக்கரம்

வா கண்ணா! எதைப் பார்த்தாலும் "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்பாயே, அந்தக் குணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இன்று ஒரு மண் அள்ளும் வண்டிக்குள் எட்டிப் பார்ப்போமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கெல்லர் என்று இரண்டு சகோதரர்கள். வான்கோழிக் கொட்டகைக்குள் நுழைந்து எச்சம் அள்ள, 1957-ல் மூன்று சக்கரக் குட்டி லோடர் ஒன்றைச் செய்தார்கள். அந்த வம்சத்தில் பின்னால் வந்ததுதான் குட்டி டிராக் லோடர். இதற்கு டயர் கிடையாது. இரண்டு பக்கமும் அகலமான ரப்பர் பட்டை. எடை பரவுவதால் சேற்றில் சுலபமாகப் புதையாது.

பட்டை தளர்ந்தால் என்ன ஆகும்? உன் சைக்கிள் செயின் தளர்ந்தால் கழன்றுகொள்ளும் அல்லவா? அதே கதிதான்.

அதனால் பட்டையின் ஒரு முனையில் இருக்கும் சக்கரத்தை வெளிப்பக்கமாகத் தள்ளியே வைத்திருக்க வேண்டும். தள்ளுவது யார் தெரியுமா? கிரீஸ்! ஆச்சரியமாக இல்லை?

சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சிலிண்டர், அதற்குள் ஒரு பிஸ்டன். மெக்கானிக் கிரீஸ் கன்னால் அடிக்க அடிக்க, பிஸ்டன் நகர்ந்து சக்கரத்தைத் தள்ளும். பட்டை இறுகும்.

ஒரு கணக்குப் போடுவோம். பிஸ்டனின் குறுக்களவு 5 செ.மீ. என்றால் அதன் முகம் ஏறக்குறைய 20 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ.யிலும் 50 கிலோ அழுத்தம் என்று வை. மொத்தம்? சபாஷ், 1000 கிலோ! ஒரு டன் பலம். அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று பிரான்ஸ் நாட்டு பாஸ்கல் 17-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்.

இப்போது கிரீஸ் கசிகிறது. எங்கிருந்து?

மெக்கானிக் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கவனிப்பார். கிரீஸ் அடிக்கும் வால்வில் பிசுபிசுத்தால் வால்வை மாற்றினால் போதும். பிஸ்டன் தண்டைச் சுற்றி வந்தால் சீல் போய்விட்டது. சீல் என்பது தண்டை அணைத்துப் பிடிக்கும் மெல்லிய வளையம். அவ்வளவு சின்னதை நம்பித்தான் அந்த ஒரு டன்னும் நிற்கிறது!

இங்கே கவனமாகக் கேள், செல்லமே. கசியும் இடத்தில் விரலை வைக்கவே கூடாது. அழுத்தத்தில் பீய்ச்சும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. ஆகவே அழுத்தத்தை இறக்க, மெக்கானிக் வால்வுக்கு நேரே நிற்காமல், ஓரமாக நின்று, அதை மெல்ல மெல்லத் தளர்த்துவார். அவசரப்பட்டு முழுசாகக் கழற்ற மாட்டார். சிலிண்டரை ஒட்டிப் பெரும்பாலும் ஒரு தடித்த ஸ்பிரிங்கும் நசுங்கிய நிலையில் இருக்கும். அதைத் தனிக் கருவியால்தான் தொடலாம்.

அழுத்தம் இறங்கியதும் பட்டையைக் கழற்றிப் பிஸ்டனை வெளியே எடுப்பார். தண்டின் பளபளப்பான மேல்பூச்சில் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்ப்பார். நகம் தட்டினால் அங்கே கீறல். ஏன் இவ்வளவு நுணுக்கம்? கீறலை விட்டுவிட்டுப் புது சீல் போட்டால் அதுவும் கிழியுமே! புரிகிறதா?

தண்டு சரியாக இருந்தால் புது சீல், புது கிரீஸ். பட்டையை மறுபடி மாட்டி, அடியில் எவ்வளவு தொங்குகிறது என்று அளப்பார். ரொம்ப இறுக்கினாலும் பட்டை தேயும். பிறகு வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி, இன்னொரு தடவை அளப்பார்.