சேர்ந்தே வரும் சொற்கள்

போர்ட் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளை ஆங்கிலக் கட்டுரையில் ‘டூ எ மிஸ்டேக்’ என்று எழுதினால் அதை ‘மேக் எ மிஸ்டேக்’ என்று திருத்துகிறோம். ‘ஈட் மெடிசின்’ என்றால் ‘டேக் மெடிசின்’ என்கிறோம். ‘ஓப்பன் த லைட்’ என்றால் ‘டர்ன் ஆன்’ என்கிறோம். திருத்தம் சரிதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குச் சொல் தெரியவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. ஒவ்வொரு சொல்லும் தெரியும். ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதுதான் தெரியாது. தமிழில் தவறு ‘செய்கிறோம்’, மருந்து ‘சாப்பிடுகிறோம்’. மலாயிலும் ‘டூ’, ‘மேக்’ இரண்டுக்கும் ‘புவாட்’ ஒன்றே போதும்; மருந்துக்கு ‘மாக்கான் உபாட்’, விளக்குக்கு ‘புக்கா லம்பு’. இரண்டு மொழிகளும் ஒரே பக்கம் இழுக்கும்போது பிள்ளை மூன்றாவதிலும் அப்படியே எழுதுவதில் வியப்பில்லை. சொல்லையும் பொருளையும் எதிரெதிரே எழுதி மனப்பாடம் செய்யவைக்கும் பட்டியல் இந்தப் பிழையைத் தீர்க்காது. சொற்களை இணைகளாகவே கற்பிக்க வேண்டும்.

இது தமிழுக்குப் புதிய பாடம் அல்ல. கூடை முடைவது, பானை வனைவது, கூரை வேய்வது என்று வினைமரபு படித்தவர்கள் நாம். ‘பானை செய்தான்’ என்றாலும் பொருள் விளங்கும்; ஆயினும் மரபு ‘வனைந்தான்’ என்பதே. மரபு பிறழ்வதை நன்னூல் வழுக்களில் ஒன்றாகவே வைத்தது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் இணைமொழியும் மரபுத்தொடரும் இன்றும் பாடத்திட்டத்தில் உள்ளன. தமிழ் வகுப்பில் இதை ஏற்கும் பிள்ளைக்கு ஆங்கில வகுப்பில் மட்டும் தனிச்சொற்களை அள்ளிக் கொடுப்பானேன்?

‘ஓப்பன் த லைட்’ இங்கே எல்லாருக்கும் புரிகிறதே, அது நம் மண்ணின் ஆங்கிலம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கிள்ளான் கடைத்தெருவில் அதைத் திருத்த எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் இது துறைமுக ஊர். மலாக்கா நீரிணையில் வரும் கப்பல்களின் மாலுமிகளுக்குப் பொதுவான தாய்மொழி கிடையாது. அதனால்தான் அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2001இல் கப்பல் தொடர்புக்கான நிலையான ஆங்கிலத் தொடர்களை ஏற்றுக்கொண்டது. நங்கூரம் தரையைப் பற்றாமல் கப்பல் இழுபட்டால் அதற்கு ‘டிராகிங் ஆங்கர்’ என்ற இணை இருக்கிறது. ஆளுக்கொரு வினையைப் போட்டால், கேட்பவர் யோசிக்கும் நேரத்தில் கப்பல் நகர்ந்துவிடும். சரக்கு அலுவலகக் கடிதத்திலும் எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்விலும் உயிராபத்து இல்லைதான். ஆனால் அங்கும் படிப்பவர் நம் அண்டைவீட்டார் அல்லர்.

இணைகள் ஆயிரக்கணக்கில் இருக்குமே, இதுவும் உருப்போடுதல்தானே என்பது இன்னொரு தடை. இது வலுவானது. டோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தலை ஆராய்ந்த ஹெரால்டு பால்மர் 1933இல் இத்தகைய இணைகளைத் திரட்டி வெளியிட்ட அறிக்கையே பெரிய தொகுப்பு. அவரோடு உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி, பயில்வோருக்கென்றே 1942இல் ஓர் அகராதி கொண்டுவந்தார். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டு உலகெங்கும் பரவியது அதன் வழிவந்ததே. ஆனால் எல்லா இணையையும் உருப்போடத் தேவையில்லை. ‘ஹெவி ரெயின்’ நம் கனமழை. ‘ஸ்ட்ராங் விண்ட்’ பலத்த காற்று. ஒத்துப்போகும் இவற்றைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும். முரண்படும் இடங்களுக்குத்தான் பாடவேளை வேண்டும்.

அந்த முரண்களின் பட்டியலைத் தமிழும் மலாயும் அறிந்த இங்குள்ள ஆசிரியர்களால்தான் தொகுக்க முடியும். வெளிநாட்டுப் பாடநூல் மாணவரின் வீட்டு மொழியை அறியாது. முதல் பக்கத்தை ‘செய்’ என்ற வினைக்கே ஒதுக்கலாம்: வீட்டுப்பாடம் செய்தால் ‘டூ’, தவறு செய்தால் ‘மேக்’, குற்றம் செய்தால் ‘கமிட்’. ஒவ்வொன்றையும் முழு வாக்கியத்தில், பிள்ளை நாள்தோறும் சொல்லக்கூடிய வாக்கியத்தில் எழுதவேண்டும். அடுத்த பக்கம் ‘சாப்பிடு’, அதற்கடுத்தது ‘போடு’.